வெளியில தெரியுமோ?

விலாவில் பச்சை குத்தி இன்றைக்குப் பதினொரு நாள். நேற்றிரவுதான் இடப்பக்கம் திரும்பிப் படுக்க முடிந்தது. அந்தத் தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

கண்டவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: நொந்ததோ? நொந்தது. நன்றாக நொந்தது. எந்த இடத்தில் குத்தினால் எவ்வளவு நோகும் என்று காட்ட, சிவப்பும் மஞ்சளும் பூசிய மனித உருவம் ஒன்று இணையத்தில் கிடைக்கும். புயத்தின் வெளிப்பக்கம் மஞ்சள். விலா, நெஞ்செலும்பு, கணுக்கால், அக்குள் எல்லாம் கடுஞ்சிவப்பு. என்னுடைய முதல் டாட்டூ புயத்தில், நுளம்பு மருந்தடிக்கிற நேரம்கூட எடுக்கவில்லை. அந்தக் கணக்கில் விலாவுக்கும் போய்ப் படுத்தது என் மொக்குத்தனம்.

விலாவில் தோல் மெல்லியது. கீழே மெத்தை போல எதுவும் இல்லை, உடனே எலும்பு. எலும்புகளுக்கு இடையால் நரம்பு ஓடுகிறது. ஊசி இறங்குவது ஒன்றிரண்டு மில்லிமீற்றர். அதிர்வு முதுகுவரை போகும். எல்லாவற்றையும் விட, அந்த இடம் ஒரு கணமும் சும்மா இருக்காது. மூச்சு எடுத்தால் ஏறும், விட்டால் இறங்கும்.

யாழ் நகரில் ஒடுங்கின மாடிப்படி ஏறிப் போகிற ஒரு கடை. குத்தின தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். புது ஊசியை என் கண் முன்னால் உறை கிழித்து எடுத்தார். (அப்படிச் செய்யாத கடையில் சட்டையைக் கழற்றாதீர்கள். ஊசியால் தொற்றுகிற ஹெப்பற்றைற்றிஸ் ஈரல் நோய் பகிடி இல்லை.) வலப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, இடக்கையைத் தலைக்கு மேல் போடச் சொன்னார். சலூன் மெஷின் போல ஒரு இரைச்சல். "மூச்சைப் பிடிக்காதேங்கோ அண்ணை. நான் கோடு இழுக்கேக்க மெல்ல விடுங்கோ." படத்தில் ஒரு நீளக் கோடு இருந்தது, அக்குளுக்குக் கீழிருந்து இடுப்பு நோக்கிச் சரிவாக. அதை ஒரே மூச்சில் முடிக்க முடியாது. எட்டுத் துண்டாக இழுத்தார், எண்ணினேன். ஆனால் ஊசியைத் தாங்கிவிடலாம். ஒவ்வொரு கோட்டுக்கும் பிறகு மையையும் இரத்தத்தையும் ரிசுக் கடதாசியால் துடைப்பார்களே, பச்சைப் புண்ணில் மண்ணெடுத்துத் தேய்ப்பது போல, அது வேறு சங்கதி. இரண்டு மணித்தியாலம் கழித்து எழும்பியபோது கை மரத்து, கால் நடுங்கியது. தம்பி ஓடிப்போய் ஒரு நெக்டோ சோடா வாங்கித் தந்தார்.

வீட்டுக்கு வந்தால் அம்மா. "காசு குடுத்து நோவு வாங்கினனீயே?"

இதே அம்மா ஒவ்வொரு வருடமும் நல்லூர்த் தேரன்று வெள்ளென எழும்பி, தூக்குக்காவடி வருகிற பாதையில் நின்று கைகூப்புகிறவர். முதுகிலும் தொடையிலும் செடில் என்கிற கொக்கிகள் குத்தி, உழவு இயந்திரத்தில் கட்டின மரத்தில் குப்புறத் தொங்கி வருகிற பெடியனைக் கண்டால் அவருக்குக் கண் கலங்கும். மகன் கனடா போய்ச் சேரவேண்டும் என்று நேர்ந்து எங்கள் மாமா ஒருவரும் செடில் குத்திக் காவடி எடுத்தவர். அவர் வந்து என் விலாவைப் பார்த்துவிட்டு, "விசரே உனக்கு? கடவுள் தந்த உடம்பு" என்றார். சட்டையைத் தூக்கி அவருடைய முதுகைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. மரியாதைக்கு விட்டுவிட்டேன்.

நான் காவடியைக் குறை சொல்லவில்லை. எனக்குப் பிடிபடாதது இதுதான்: எங்கள் ஊரில் நோவுக்குக் கட்டாயம் ஒரு காரணம் வேண்டும். வேண்டுதல் என்றால் சரி. பிள்ளைப்பேறு, தோட்டவேலை, வெளிநாட்டில் பனிக்குள் நின்று உழைப்பது எல்லாம் சரி. ஒருவன் தன்னுடைய விருப்பத்துக்காக இரண்டு மணித்தியாலம் நொந்தான் என்றால் அவனுக்கு மூளை பிசகிவிட்டது. கடவுளுக்கு என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லியிருந்தால் அம்மா விபூதி பூசிவிட்டிருப்பார்.

அப்பா இது எதுவும் கேட்கவில்லை. அவருடைய கேள்வி ஒன்றுதான்: "வெளியில தெரியுமோ?"

அப்பாவின் இடது விலாவில் ஒரு தழும்பு இருக்கிறது. சிறுவயதில், கிணற்றில் தண்ணி இறைக்கிற துலா மரத்தை மிதிக்க ஏறி வழுக்கி விழுந்தபோது வந்தது. போரில் 1995இல் இடம்பெயர்ந்து 96இல் நாங்கள் திரும்பி வந்த பிறகு, ஒரு சோதனைச் சாவடியில் அவருடைய சட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். சைக்கிள் பாரில் நான், ஏழு வயது. சண்டையில் ஷெல் துண்டு பட்ட காயம் என்று நினைத்திருக்கவேண்டும். அப்பாவுக்குச் சிங்களம் தெரியாது. சைக்கிளை என்னிடம் பிடிக்கத் தந்துவிட்டு, நடுறோட்டில் நின்று துலா மிதித்துக் காட்டினார். முன்னுக்கு நாலு எட்டு, பின்னுக்கு நாலு எட்டு, பிறகு கீழே விழுந்தும் காட்டினார். வயதான ஒரு ஆமிக்காரர் பார்த்துவிட்டு, கயிறு இழுத்துத் தண்ணி அள்ளுவது போலக் கையால் காட்டிக் கேட்டார். அவருடைய ஊரிலும் துலா இருந்திருக்கும். போகச் சொன்னார்கள். அப்பா வீடு வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. சாரத்தில் ஒட்டின மண்ணையும் தட்டவில்லை.

உடம்பில் ஒரு அடையாளமும் இருக்கக்கூடாது என்ற பயம் அந்தத் தலைமுறைக்கு அப்படித்தான் வந்தது. அதைப் பழைய பயம் என்றும் தள்ளமுடியாது. கையில் புத்தர் உருவம் குத்தியிருந்த பிரித்தானியச் சுற்றுலாப்பயணி ஒருவரை 2014இல் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடித்து நாடு கடத்திய தேசம் இது. அவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2017 ஆனது.

நான் குத்தியது ஒரு துலா. அப்பாவுக்குத் தழும்பு இருக்கிற அதே பக்கம். அந்த நீளக் கோடு துலாமரம். புயத்தில் இன்னும் இடம் இருந்தது, நோவும் குறைவு. ஆனால் அப்பாவுடைய கேள்வி எனக்கு முன்பே தெரியும். சட்டைக்குள் மறைகிற இடமாகத் தேடினால் அந்த மனித உருவத்தில் எல்லாம் சிவப்பாகவே கிடக்கிறது.

இப்போது தோல் உரிகிறது. கடி என்றால் சொல்லமுடியாத கடி, சொறியக்கூடாது. வெயில் படக்கூடாது, கசூரினாக் கடலுக்கும் சில கிழமை போகமுடியாது. முதல் நாலு நாளும் பெனியன் காலையில் புண்ணோடு ஒட்டிக்கிடந்தது. அம்மா மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்தார். வாங்கி வைத்துவிட்டுப் பூசவில்லை. மை எப்படி அழியாமல் நிற்கிறது என்று வாசித்தேன். தோலில் இருக்கிற காவல் கலங்கள் அதை அந்நியப் பொருள் என்று விழுங்குமாம். சீரணிக்கவும் முடியாது, துப்பவும் முடியாது. ஒரு கலம் செத்தால் சிந்துகிற மையைப் பக்கத்துக் கலம் எடுத்து விழுங்கும்.

நேற்றுப் பின்னேரம் கிணற்றடியில் சட்டையில்லாமல் நின்றேன். அப்பா வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கனநேரம் பார்த்தார். தொடாமல் விரலைப் படத்துக்கு மேலால் கொண்டுபோனார்.

"அடிமரம் மொத்தமா பின்னுக்கு வரவேணும். இவன் மெல்லிசாக் கீறி வைச்சிருக்கிறான். உதில ஏறினா கிணத்துக்குள்ளதான் விழவேணும்."

பிறகு, "திருத்தலாமோ?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் புண் ஆறின பிறகு திரும்பவும் அந்த மாடிப்படி ஏறவேண்டும். இந்தமுறை அப்பாவும் வருகிறாராம், அளவு சொல்ல.