கேட்ச் குறைந்தது, யார்டு கூடியது

அமெரிக்கக் கால்பந்தில் மூத்த ரிசீவர் (எறியப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) அணிக்கு வந்தால் இளைய ரிசீவருக்குப் பந்து குறையும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. குறையலாம், அது நஷ்டமாகிவிடாது. மயாமி டால்ஃபின்ஸ் அணிக்கு ஆடிய ஜெய்லன் வாடிலைப் பாருங்கள். முதல் சீசனான 2021-இல் 104 கேட்ச், அவற்றால் அணி முன்னேறிய தூரம் 1,015 யார்டு. 2022-இல் மூத்த ரிசீவர் டைரீக் ஹில் வந்தார். வாடிலின் கேட்ச் 75 ஆகக் குறைந்தது, யார்டோ 1,356 ஆனது. ஒரு கேட்சுக்குச் சராசரி 10 யார்டைக்கூடத் தொடாதவர் 18-ஐத் தாண்டினார்.

காரணம் சேஃப்டி, அதாவது எதிரணியின் கடைசித் தடுப்பாளர், நிற்கும் இடம். ஹில்லின் வேகத்துக்குப் பயந்து அவர் பின்வாங்கி, ஹில் பக்கமே சாய்ந்து நிற்பார். பந்தை எறியாமல் கையில் கொண்டு ஓடப்போவதுபோல மயாமி பாவனை காட்டினால், நடுவில் நிற்கும் தடுப்பாளர்களான லைன்பேக்கர்களும் இரண்டடி முன்னே வந்துவிடுவார்கள். சேஃப்டிக்கும் லைன்பேக்கர்களுக்கும் நடுவே, ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து 15 யார்டு ஆழத்தில் திறக்கும் இடைவெளிக்குள் வாடில் குறுக்கே வெட்டி ஓடுவார். பந்து கைக்கு வரும்போது எதிரே ஆளிருக்காது, அப்படியே ஓடலாம்.

அதே ஆண்டு பயிற்சியாளராக வந்த மைக் மெக்டேனியலின் திட்டத்துக்கும் இதில் பெரிய பங்குண்டு. ஹில்லை மட்டும் புகழ்வது நியாயமில்லை.

இந்த உத்தி சொதப்புவது ஆழம் பிசகும்போதுதான். இளையவர் அவசரப்பட்டு 12 யார்டிலேயே திரும்பினால் லைன்பேக்கர் கை பந்துக்கு எட்டும். ரிசீவர்கள் இருவரும் ஒரே ஆழத்தில் ஓடினால் ஒரே தடுப்பாளர் இருவரையும் பார்த்துக்கொள்வார். மூத்தவரிடம் முதலில் கற்க வேண்டியது இந்த அளவைத்தான்.