தென்னைக்கு மைதா

(பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மளிகைக்கடை. கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆறுச்சாமி வண்டியை நிறுத்திவிட்டு வருகிறார்.)

ஆறுச்சாமி: மைதா பன்னெண்டு கிலோ போடுங்கோ.

கடைக்காரர்: வாங்கண்ணா! வீட்ல விசேசமுங்களா? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலீங்களே!

ஆறுச்சாமி: விசேசமா? தோப்பு நாசமாப் போய்க் கெடக்குது.

கடைக்காரர்: அதுக்குப் பரோட்டாப் பந்தி போடறீங்களா?

ஆறுச்சாமி: மைதா தென்னை மரத்துக்குங்க.

கடைக்காரர்: (தராசை நிறுத்திவிட்டு) சால்னா?

ஆறுச்சாமி: நக்கலப் பாரு! சுருள் வெள்ளை ஈ இருக்குதில்லீங்க, 2016ல இந்த நாட்டுல மொதல்ல நம்ம பக்கந்தான் வந்து எறங்குச்சு. ஓலைக்கு அடியில உக்காந்து சாறை உறிஞ்சும். அது ஒழுக்கற இனிப்புத் தண்ணி கீழ் ஓலை மேல விழுந்து, கரும்பூசணம் புடிச்சுக்கும்.

கடைக்காரர்: ஈ வெள்ளை, ஓலை கறுப்பா! சரி, மைதா?

ஆறுச்சாமி: கூழாக் காச்சி, லிட்டருக்கு 25 கிராம் கணக்குல தண்ணியில கரைச்சு அடிச்சா, வெயில்ல காஞ்சு ஏடேடா உரியும். கரியும் கூடவே வந்துரும்.

கடைக்காரர்: அதென்னத்துக்குங்க அத்தனை வேலை? நல்ல விசமா வாங்கி ஒரே அடி அடிச்சா சோலி முடிஞ்சுதில்ல?

ஆறுச்சாமி: எம் மச்சான் அப்படித்தான் அடிச்சாரு. ஈயத் தின்னு அழிக்கறதுக்குன்னே என்கார்சியான்னு ஒரு பொடிக் குளவி இருக்குது. மொதல்ல செத்தது அதுதான். ஈ மறுக்கா வந்துருச்சு.

கடைக்காரர்: பொடிக் குளவி எப்படிங்க ஈய அழிக்கும்?

ஆறுச்சாமி: ஈக்குஞ்சு உடம்புக்குள்ள முட்டை வெச்சுப்போடும். அதுல வர்ற புழு உள்ளயே இருந்து தின்னு தீத்துரும்.

கடைக்காரர்: உள்ளயே உக்காந்து தின்னு தீக்குதா? ஒறம்பரையா அது!

ஆறுச்சாமி: சிரிக்காதீங்கோ. அப்பறம் வெளக்கெண்ணெய் ஒரு லிட்டர். மஞ்சத் தாள்ல தடவிக் கட்டுனா ஈ வந்து ஒட்டிக்கும்.

கடைக்காரர்: ஆகட்டுங்க. மைதா மொத்தமும் ஒரே மூட்டையாக் கட்டிரட்டுங்களா?

ஆறுச்சாமி: ரெண்டு கிலோ தனியாக் கட்டுங்க.

கடைக்காரர்: அது எந்த மரத்துக்கு?

ஆறுச்சாமி: மரத்துக்கில்லீங்க. அந்த மச்சான் பொழுதோட ஒறம்பரை வர்றாரு. பரோட்டா வேணுமாமா.

கடைக்காரர்: ரெண்டு கிலோ பத்துமுங்களா?