கம்மராகுஞ்சா: நிக்கல்ஸின் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஊர்

கையாலும் காலாலும் பந்தை ஆடும், அந்நாட்டுக்கே உரிய கால்பந்தை நடத்தும் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக், 2016 முதல், பூர்வகுடி மக்களைச் சிறப்பிக்கும் தன் ஆட்டச் சுற்றுக்கு, பூர்வகுடி ஆட்டக்காரரான சர் டக் நிக்கல்ஸின் பெயரைச் சூட்டி நடத்திவருகிறது. அந்த மரியாதை உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவரை உருவாக்கிய ஊரும் அந்த ஊரின் அணியும் அச்சுற்று நடக்கும் நாட்களில் போதுமான அளவு பேசப்படுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

நியூ சவுத் வேல்ஸில், மர்ரே ஆற்றங்கரையில், விக்டோரியாவின் பார்மா ஊருக்கு எதிர்க்கரைப் பக்கம் இருக்கிறது கம்மராகுஞ்சா. அருகிலிருந்த மலோகா என்ற கிறிஸ்தவ மிஷன் குடியிருப்பில் வாழ்ந்த யோர்ட்டா யோர்ட்டா பூர்வகுடி மக்களில் பெரும்பாலோர் 1888இல் அங்கிருந்து நீங்கி இங்கே குடியேறினார்கள். சில குடும்பங்களுக்குத் தனித்தனியாக நிலம் கிடைத்தது. அவர்கள் காட்டைத் திருத்திப் பயிர் செய்தார்கள். 1907இல், பூர்வகுடிகள் பாதுகாப்பு வாரியம் என்ற அரசு அமைப்பு அந்த நிலங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வாரியத்தின் அதிகாரம் ஆண்டுக்கு ஆண்டு கூடியது; பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகும் அளவுக்கு அது வளர்ந்தது. நிக்கல்ஸின் அக்காவும் அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களில் ஒருவர்.

இந்தச் சூழலில்தான் அந்த ஊரின் கால்பந்து அணியை வைத்துப் பார்க்க வேண்டும். சுற்றுவட்டார விவசாய ஊர்களின் அணிகளோடு வெஸ்டர்ன் அண்ட் மொய்ரா ரைடிங்ஸ் லீக்கில் ஆடிய கம்மராகுஞ்சா அணி, 1920களில் பலமுறை கோப்பையை வென்றது. நிலம், கூலி, ரேஷன், ஊருக்குள் யார் தங்கலாம் என்பது வரை வாரியத்தின் மேலாளரின் கையில் இருந்த இடத்தில், வெள்ளைக்கார விவசாயிகளின் பிள்ளைகளோடு ஒரே விதிகளின்கீழ் சமமாக நின்று மோதுவதற்கு அம்மக்களுக்கு எஞ்சியிருந்த வெகு சில இடங்களில் ஆடுகளமும் ஒன்று. ஆகவே அந்த அணியை வெறும் பொழுதுபோக்காக என்னால் பார்க்க முடியவில்லை. ஓட்டப் பந்தயமும் அந்த ஊருக்குப் பெருமை சேர்த்தது: அவ்வூரைச் சேர்ந்த உரிமைப் போராளி வில்லியம் கூப்பரின் மகன் லிஞ்ச் கூப்பர், நாட்டின் புகழ்பெற்ற ஸ்டாவெல் ஓட்டப் பந்தயத்தை 1928இல் வென்றார்.

தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய ஒருவரும் இவ்வூரில் இருந்தார். பல நூல்கள் தமிழ் வம்சாவளியினர் என்று குறிப்பிடும், மொரீஷியஸில் பிறந்த தாமஸ் ஷட்ராக் ஜேம்ஸ், மலோகாவிலும் பின்னர் இங்கும் 1920களின் தொடக்கம் வரை ஆசிரியராகப் பணியாற்றினார். வில்லியம் கூப்பரின் தங்கை அடாவை மணந்தார். மனு எழுதவும், சட்டம் பேசவும், மேடையேறவும் துணிந்த ஒரு தலைமுறை அவருடைய வகுப்பறையிலிருந்து வந்தது. நிக்கல்ஸும் அவருடைய மாணவரே.

1906இல் பிறந்த நிக்கல்ஸ் ஐந்தடி இரண்டங்குல உயரமே உடையவர். மெல்பர்னின் கார்ல்டன் அணியில் சேர 1927இல் முயன்றபோது, நிறத்தைக் காரணமாக்கி அங்கிருந்தவர்கள் அவரை ஒதுக்கினார்கள். நார்த்கோட் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1932இல் ஃபிட்ஸ்ராய் அணிக்குப் போனார், 1935இல் விக்டோரியா மாநிலத்துக்காக ஆடினார். பிறகு பாதிரியாரானார்; 1972இல் சர் பட்டம் பெற்ற முதல் பூர்வகுடி மனிதரானார்; 1976இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார். இந்த வரிசையை மட்டும் படிப்பவருக்கு அது தனியொருவரின் சாதனைக் கதையாகத் தோன்றும். அப்படிச் சுருக்குவதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

ஏனெனில் 1939 பிப்ரவரியில், மோசமான உணவும் வீடுகளும் நோயும் மேலாளரின் அடக்குமுறையும் பொறுக்க முடியாத நிலையில், ஏறத்தாழ 200 பேர் ஆற்றைக் கடந்து விக்டோரியாவுக்கு வெளியேறினார்கள். அதற்கு முன்னின்ற ஜாக் பேட்டன் கைது செய்யப்பட்டார். வெளியேறியவர்களில் பலர் திரும்பவே இல்லை. பார்மாவிலும், ஷெப்பர்ட்டனுக்கும் மூரூப்னாவுக்கும் இடையிலுள்ள வெள்ளம் புகும் ஆற்றோரத் தாழ்நிலத்திலும், கிடைத்த தகரத்தையும் சாக்கையும் கொண்டு குடிசை கட்டி, பழத்தோட்டங்களில் கூலி வேலை செய்தார்கள். ஓர் ஊரே இரண்டாகப் பிளந்தது.

ஆயினும் கால்பந்து அவர்களை விட்டுப் போகவில்லை. ஆற்றோரக் குடும்பங்களுக்காக 1958இல் மூரூப்னா அருகே அரசு கட்டிய ரம்பலாரா குடியிருப்பின் பெயரையே தாங்கிய கால்பந்து, நெட்பால் கிளப், 1997இல் சென்ட்ரல் கோல்பர்ன் லீக்கில் இடம்பெற்றது. மறு ஆண்டே கோப்பையை வென்றது. இன்று அது இளைஞர்களின் உடல்நலம், படிப்பு, வேலை எல்லாவற்றிலும் அக்கறை எடுத்துக்கொள்ளும் ஒரு சமூக நிறுவனம். பழைய கம்மராகுஞ்சா அணியின் வழித்தோன்றல் என்றே அதை நான் கருதுகிறேன்.

எனவே லீக்கிடம் நான் கேட்பது இதுதான். நிக்கல்ஸின் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் அதே அரங்கில், 1907இல் பறிக்கப்பட்ட நிலத்தையும் 1939இல் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறியதையும் சொல்லுங்கள். அந்தச் சுற்றால் வரும் வருமானத்தில் ஒரு பங்கை ரம்பலாரா போன்ற நாட்டுப்புறக் கிளப்புகளுக்கு ஆண்டுதோறும் நிலையாக ஒதுக்குங்கள். ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழர்கள், தங்கள் பிள்ளைகளுக்கு நிக்கல்ஸைப் பற்றிச் சொல்லும்போது, அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஜேம்ஸைப் பற்றியும் சேர்த்துச் சொல்லலாம்.