புதுச் சவரக்கத்தியும் தீட்டுக்கல்லும்

போன வாரம் உள்பெட்டியில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, சவரக்கத்தி வாங்கியிருக்கேன். பெட்டியைப் பிரிச்சதும் சவரம் பண்ணலாமா, கல்லுல தீட்டணுமா?" தீட்ட வேண்டும், ஆனால் நீ தீட்டாதே என்று பதில் போட்டேன். சிரிப்புப் பொம்மை ஒன்று திரும்பி வந்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சலூனில் பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகுகிறார்களே, அந்தக் கத்தியைப் பற்றிய பேச்சு இல்லை இது. இரும்பே வாயாக, அதாவது வெட்டும் விளிம்பாக இருக்கும், மடக்கி வைக்கும் பழைய சவரக்கத்தி. தாத்தா காலத்தில் திண்ணையில் நாவிதர் தன் கருவிப்பையான அடைப்பத்தைப் பிரித்ததும் வெளியே வருமே, அது.

என் முதல் கத்தி ஜெர்மனியின் சோலிங்கனில் செய்தது. எட்டில் ஐந்து அங்குல அகலம். விலையைச் சொன்னால் வீட்டில் இன்றைக்கும் சண்டை வரும். விற்றவர்கள் 'சவரத்துக்குத் தயார்' என்று போட்டிருந்தார்கள். முன்கை முடியில் இழுத்துப் பார்த்தேன், அழகாக வழித்துக்கொண்டு போனது. ஆகா என்று நுரை பூசிக் கன்னத்தில் வைத்தேன். முடியை வெட்டவில்லை, பிடித்து இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று வாரம் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கோணம் தப்பு, தோலை இழுத்துப் பிடிக்கத் தெரியவில்லை, நுரை காய்ந்துவிட்டது... கத்தியின் மேல் சந்தேகமே வரவில்லை. புதுசாயிற்றே!

முன்கை முடி மெல்லிசு. சுமாரான கத்தியே அதை வழித்துவிடும். தாடி முடி தடித்தது, அதற்கு அந்தப் பதம் போதாது. இது அப்போது எனக்குத் தெரியாது.

கடைசியில் எங்கள் ஊரில் சலூன் வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். எழுபது தாண்டியவர், கடை இப்போது மகனிடம். கத்தியை வாங்கி, வாய் மேலே பார்க்கும்படி பிடித்து, டியூப் லைட்டுக்கு நேராக மெல்லச் சாய்த்தார். "தம்பி, வெள்ளையா ஒரு கோடு மினுங்குது பாருங்க. வெளிச்சம் வந்து உக்கார அங்க இடம் இருக்குன்னு அர்த்தம். நல்ல வாய் கண்ணுக்கே தெரியக்கூடாது." பார்த்தேன். கத்தியின் குதிகாலிலிருந்து, அதாவது வாயின் பிடிப்பக்க முனையிலிருந்து, பாதி வரைக்கும் கோடு மினுங்கியது. மூன்று வாரமாகக் குளியலறை விளக்கடியில் நின்றும் என் கண்ணில் படாத கோடு.

சோலிங்கன் என்ற பெயர் சும்மா வந்ததில்லை. அந்தப் பெயரைக் காக்கவே ஜெர்மனியில் 1938இல் சட்டம் போட்டார்கள். ஆனால் அந்த முத்திரை கத்தி எங்கே பிறந்தது என்று சொல்லுமே தவிர, அதன் வாயைப் பற்றிப் பேசாது. உருக்கைக் காய்ச்சி அடித்து, இறுக்கி, இரண்டு பக்கமும் குழிவாகக் கடைந்து, மெருகேற்றிப் பிடி மாட்டும் வரை பெரிய வேலைப்பாடு. கடைசியில் வாயைத் தீட்டுவதுதான் அவசரத்தில் அடிபடுகிற வேலை. நிதானமான ஒரு கையும் நேரமும் கேட்கிற வேலை அது. ஒரே தொழிற்சாலையின் இரண்டு கத்திகளில் ஒன்று வெண்ணெயாகவும் இன்னொன்று என்னுடையது மாதிரியும் இருப்பது அதனால்தான்.

நிறையப் பேர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கத்தியை இழுத்துப் பதம் பார்க்கும் தோல் பட்டைதான் தோல்வார். 'தோல்வாரில் அறுபது தடவை இழுத்துவிட்டேன், இன்னும் சரியாகவில்லை' என்பார்கள். ஆகாது. தோல், இருக்கிற கூர்மையை நேராக்கி வைக்கும், அவ்வளவுதான். இல்லாத கூர்மையை உண்டாக்குவது கல். கல்லில் வாய் முன்னே போகும், தோலில் முதுகு முன்னே போகும். இதை மாற்றிச் செய்தால் தோல் போச்சு.

அப்படியானால் கல்லை வாங்கி நாமே தீட்டினால் என்ன? செய்யலாம், ஒருநாள் செய்யத்தான் வேண்டும். இந்தக் கத்தியின் அமைப்பே அதற்கு உதவி செய்கிறது. சமையலறைக் கத்தி மாதிரி கோணத்தைக் கணக்குப் போட வேண்டியதில்லை. முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படும்படி படுக்க வைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். கல்லின் எண் கூடக்கூட அது நைசாக இருக்கும்; வாயின் சரிவு அமைய 1000, அப்புறம் 4000, 8000, கடைசியில் 12000 என்று கற்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் மஞ்சள் கல் ஒன்றை வைத்தே முழு வேலையையும் முடிப்பவர்களும் உண்டு. எந்தக் கல்லானாலும் முடிக்கும்போது கத்தியின் எடையே போதும், விரல் அழுத்தக்கூடாது.

சொல்வது சுலபம். புதிதாக வந்தவனுக்கு நல்ல பதம் எப்படி இருக்கும் என்றே தெரியாதே! கன்னம் எரிந்தால் தப்பு சவரம் செய்த கையிலா, தீட்டிய கையிலா, கத்தியிலா? மூன்றும் புதுசு. எதை என்று திருத்துவது? தெரிந்த ஒருவர் தீட்டிக் கொடுத்தால் ஒரு சந்தேகமாவது தீரும். பெரியவர் அன்றைக்குக் கால் மணி நேரம் கறுப்புக் கல்லில் தண்ணீர் விட்டு இழுத்தார், அப்புறம் உள்ளங்கையில் நாலு தட்டு. மறுநாள் காலையில் கத்தி கன்னத்தில் போனதே தெரியவில்லை. 'ஓ, இதுதானா' என்றிருந்தது. பிற்பாடு நானே தீட்டப் பழகியபோது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது அந்த ஒரு காலையால்தான் தெரிந்தது.

ஒரு சங்கடம், அந்தக் கைகள் குறைந்துவிட்டன. தொண்ணூறுகளில் எய்ட்ஸ் பயம் வந்தபின் சலூன்கள் பிளேடுக்கு மாறின. நியாயமான மாற்றம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்லுக்கு வேலை போனது. பெரியவரின் மகனுக்கு அந்தக் கறுப்புக் கல் கதவுக்கு முட்டுக்கொடுக்க உதவுகிறது.

எல்லாப் புதுக்கத்தியையும் கல்லில் போடு என்றும் சொல்லமாட்டேன். சில சிறு விற்பனையாளர்கள் ஒவ்வொரு கத்தியையும் கையால் தீட்டி, தாங்களே சோதித்து அனுப்புகிறார்கள். அப்படி வந்ததில் கல்லை வைத்தால் இருக்கிற பதத்தையும் கெடுத்துக்கொள்வோம். தயாரிப்பாளர் போட்ட கூரா, விற்பவர் கையால் போட்டதா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் தீட்டுக்கூலியையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மிக மலிவான கத்திகளில் முதுகே கோணலாக இருக்கும். தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

தம்பி பெரியவரைத் தேடிப்போய்த் தீட்டி வாங்கிவிட்டான். நேற்று ராத்திரி ஒரு போட்டோ வந்தது. கன்னத்தைத்தான் வெட்டிக்கொண்டான் என்று பதறித் திறந்தால், புதுத் தோல்வாரின் நடுவே ஒரு வெட்டு. "திருப்பும்போது வாய்ப்பக்கமா திருப்பிட்டேன்ணே." என் வாரைப் படமெடுத்து அனுப்பினேன். அதில் மூன்று வெட்டு.