கார்ப்பரேட் டிரெய்னர் ஆக நினைப்பவர்களுக்கு

"எனக்கு மேடைப் பயம் கிடையாது, நன்றாகப் பேசுவேன், கார்ப்பரேட் டிரெய்னராக வரலாமா?" என்று கேட்டு இன்பாக்ஸில் அடிக்கடி செய்தி வருகிறது. தாராளமாக வரலாம். ஆனால் நிறுவன ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கும் இந்த வேலையில் பேச்சு ஒரு பகுதிதான். வகுப்புக்கு முன்னாலும் பின்னாலும் யார் கண்ணிலும் படாமல் செய்யும் வேலைதான் ஒருவரை இந்தத் தொழிலில் நிற்க வைக்கிறது.

ஒரு கிளையன்ட் கூப்பிட்டு, "எங்கள் டீமுக்கு டைம் மேனேஜ்மென்ட் பயிற்சி வேண்டும், ஒரு நாள் போதும்" என்கிறார் என்று வையுங்கள். புதிதாக வந்தவர் உடனே தேதியைக் குறித்துவிடுவார். அதற்கு முன் அந்த டீமில் நாலு பேரிடமாவது தனித்தனியாகப் பேசுங்கள், அவர்களுடைய மேனேஜரிடமும் பேசுங்கள். பல நேரம் உண்மையான பிரச்சினை வேறாக இருக்கும்: எது அவசரம் என்பது மேலிடத்தில் தினமும் மாறிக்கொண்டே இருக்கும், அல்லது மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டியிருப்பார்கள். அதற்கு எத்தனை ஸ்லைடு போட்டாலும் தீர்வு வராது. இதைக் கிளையன்டிடம் நேராகச் சொன்னதால் எனக்குக் கைவிட்டுப் போன வேலைகள் உண்டு. அப்படிப் போனவர்களில் சிலர் பிறகு வேறொரு தேவைக்கு என்னையே தேடி வந்ததும் உண்டு.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியின் பலனை நான்கு நிலைகளில் பார்க்கலாம் என்று எழுதினார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் அதைச் செய்கிறார்களா, அதனால் நிறுவனத்துக்கு ஏதாவது கிடைத்ததா. நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் முதல் கேள்வியோடு கதை முடிந்துவிடுகிறது. மாலையில் ஃபீட்பேக் படிவம், ஒரு குரூப் போட்டோ, லிங்க்ட்இன் பதிவு, அவ்வளவுதான். சிரிக்க வைத்தாலே அந்தப் படிவத்தில் நல்ல மதிப்பெண் விழும் என்பது எல்லா டிரெய்னருக்கும் தெரியும். மூன்றாவது கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் ஒரு மாதம் கழித்து அந்த மேனேஜரை அழைத்துக் கேட்க வேண்டும். கேட்பவர்கள் குறைவு.

ஒரே நாளில் எட்டு மணி நேரம் கொட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே, அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து, படித்தது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக மறந்துபோகிறது என்று காட்டிவிட்டார். அதே எட்டு மணி நேரத்தை நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று பிரித்துக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் பழைய பாடத்தை நீங்கள் திரும்பச் சொல்லாமல் அவர்களைச் சொல்ல வையுங்கள். ஹெச்.ஆர். முதலில் மறுப்பார்கள், எல்லோரையும் திரும்பத் திரும்ப ஓர் அறையில் உட்கார வைப்பது அவர்களுக்குச் சிரமம், ஆனாலும் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று, இதில் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். "நாம் சொல்வதில் சொற்களுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55" என்று இன்றும் ஸ்லைடு போடுகிறார்கள். இந்த எண்களுக்கு மூலமான, உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் செய்த சோதனைகள், ஒருவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்ற உணர்ச்சியை எதை வைத்துக் கணிக்கிறோம் என்பதைப் பற்றியவை. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று ஆட்களைப் பிரித்துப் பாடம் நடத்துவதும் இப்படித்தான், அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இல் உளவியலாளர்கள் சிலர் ஆய்வுகளை அலசி எழுதிவிட்டார்கள். நம்மை நம்பி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சரிபார்க்காத ஒன்றைச் சொல்லிக்கொடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சரி, எங்கிருந்து தொடங்குவது? நீங்கள் செய்த வேலையிலிருந்து. விற்பனையில் இருந்தவர் விற்பனையையும், கஸ்டமர் சப்போர்ட்டில் இருந்தவர் கோபமான வாடிக்கையாளரைக் கையாள்வதையும் சொல்லிக்கொடுக்கட்டும். வேலையை விடுவதற்கு முன் இருக்கும் நிறுவனத்திலேயே புதிதாகச் சேருபவர்களுக்கு வகுப்பு எடுத்துப் பாருங்கள். "தலைமைப் பண்பு" என்று பொதுவாகப் போர்டு மாட்டினால் கூட்டத்தில் ஒருவராகத்தான் நிற்பீர்கள்.

ஃப்ரீலான்ஸாகப் போகிறவர்கள், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் எவ்வளவு தருவார்கள், பேமெண்ட் எத்தனை நாளில் வரும், நீங்கள் உருவாக்கிய பாடப்பொருள் யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே வெண்டரை, அதாவது நிறுவனங்களிடம் பயிற்சி வேலை பிடித்து உங்களுக்குத் தரும் இடைத்தரகரை, நம்பி மட்டும் காலண்டரை நிரப்பாதீர்கள். அந்த ஒருவர் பேமெண்டை இழுத்தடித்தால் மாதக்கணக்கில் வருமானம் நின்றுபோகும்.