எஃப்/22 வைத்தால் கூர்மை அதிகரிக்காது

"85 எம்எம் லென்ஸில் நிலக்காட்சிக்கு எஃப்/22 வையுங்கள், எல்லாமே ஷார்ப்பாக விழும்" என்று சிலர் சொல்வது தவறு. எஃப்/22 என்பது லென்ஸின் ஒளித்துளையை மிகச் சிறிதாக்கும் அளவு; எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். எஃப்/22-ல், சிறிய துளையில் ஒளி விரியும் டிஃப்ராக்‌ஷனால் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் சுமார் 30 மைக்ரான் அகலத்துக்குப் பரவும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (35 எம்எம் ஃபிலிம் அளவுள்ள) சென்சாரில் ஒரு பிக்சலே 6 மைக்ரான்தான். தூரத்து இலையும் புல்லும் குழைந்துபோகும். பிறகு கணினியில் ஷார்ப்பனிங் போட்டாலும் முழுசாக மீளாது.

எஃப்/8 வைத்து 30 மீட்டரில் ஃபோகஸ் செய்யுங்கள். ஏறக்குறைய 15 மீட்டரிலிருந்து தொலைவு மலை வரை தெளிவாக வரும். அதைவிடக் கிட்டத்தில் பாறை இருந்தால் ஃபோகஸ் மாற்றி இரண்டு மூன்று படம் எடுத்துச் சேர்ப்பதே வழி.

எஃப்/1.4 வரை துளை திறக்கும் லென்ஸின் கூடுதல் எடை இந்த வேலைக்கு வீண், எஃப்/1.8 தாராளம். வாங்குமுன் ட்ரைபாடில் தூரத்துக் கட்டடத்தை எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கலாம். அந்த லென்ஸ் வேண்டாம்.