பொலிவியாவின் கடல் கணக்கு இன்னும் தீரவில்லை
தென் அமெரிக்க நாடான பொலிவியா பற்றிய ஒரு கட்டுரை “1884-ல் பொலிவியா கடற்கரையை இழந்தது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. பக்கத்து நாடான சிலியோடு நடந்த போரில் அந்த வருடம் கையெழுத்தானது போர்நிறுத்தம்தான். சிலி அந்த நிலத்தை முறைப்படி எழுதி வாங்கியது 1904-ல். பதிலுக்கு அரிக்கா துறைமுகத்திலிருந்து பொலிவிய அரசு இயங்கும் லா பாஸ் நகருக்கு ரயில் பாதை போட்டுத் தந்தது, சரக்கு கொண்டுபோகவும் வழிவிட்டது. அதனால் அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் எழுதியிருப்பதுபோல பொலிவியாவின் வறுமைக்குக் கடல் இல்லாததை மட்டும் காரணம் சொல்ல முடியாது. கடலைவிடப் பெரிய இழப்பு அந்தப் பாலைவனத்தில் கிடந்த வெடியுப்பும் செம்பும்தான். சுக்கிகமாட்டா செம்புச் சுரங்கம் இன்று இருப்பது அங்கேதான். சரி, ஆறிப்போன விஷயமா? இல்லவே இல்லை. மார்ச் 23 அங்கே கடல் நாள். 1879-ல் அதே தேதியில் சிலிப் படையோடு சண்டையிட்டுச் செத்த பொலிவியர் எதுவார்தோ அபரோவா, சரணடையச் சொன்னவர்களிடம் “உன் பாட்டியைச் சரணடையச் சொல்” என்றாராம் (கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் உண்டு). கடல் இல்லாவிட்டாலும் கடற்படைகூட இருக்கிறது, சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் டிட்டிகாக்கா ஏரியில் ரோந்து போகிறது. 2018-ல் சர்வதேச நீதிமன்றம், பொலிவியாவுக்குக் கடல்வழி தருவது பற்றிப் பேச்சுவார்த்தைக்கு வரவேண்டிய கட்டாயம் சிலிக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. அப்புறமும் கடல் நாள் நிற்கவில்லை.